உப்பு, விறகு, குடிநீர்: நெம்மேலிக் கரை வளர்ந்த கதை

திருப்போரூரிலிருந்து கிழக்கே புறப்படும் சாலை, உப்பங்கழியையும் பக்கிங்காம் கால்வாயையும் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து சேரும் இடம் நெம்மேலி. மேற்கே கழிவெளி, கிழக்கே வங்கக் கடல், இரண்டுக்கும் நடுவே ஒரு மணல் மேடு. வடக்கே கோவளம், தெற்கே மாமல்லபுரம். அரசு ஆவணங்களில் இது செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு கிராம ஊராட்சி. ஆனால் இங்கே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன. சாலையின் இருபுறமும் சவுக்குத் தோப்புகளுக்கு இடையே தங்கும் விடுதிகளும் மனைப்பிரிவு விளம்பரப் பலகைகளும் எழுந்துவிட்டன. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களில் கல்லூரிப் பிள்ளைகள், பழைய மாமல்லபுரம் சாலை (ஓஎம்ஆர்) அலுவலகங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள், மீன்கூடையோடு காத்திருக்கும் குப்பத்துப் பெண்கள் என எல்லாரும் உண்டு.

இப்படி வளரும் ஊர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறொரு கண்ணோடு பார்க்கிறது. ஐயாயிரம் பேருக்குக் குறையாத மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், உழவல்லாத தொழில் செய்யும் ஆண்கள் நான்கில் மூன்று பங்கு. இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த ஊர் 'கணக்கெடுப்பு நகரம்'. சட்டப்படி அது கிராமமாகவே நீடித்தாலும் கணக்கில் நகரம்தான். 2001இல் இந்தியாவில் 1,362 ஆக இருந்த இத்தகைய ஊர்கள் 2011இல் 3,894 ஆயின. தமிழ்நாட்டில் மட்டும் 376. பெருநகரங்களைச் சுற்றியும் நெடுஞ்சாலைகளின் ஓரத்திலும் ஊர்கள் இப்படி உருமாறுவதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் 1990களுக்குப் பிந்தைய கதையாகவே எழுதுகிறார்கள். நெம்மேலிக் கரையின் கதை அதைவிட நூறாண்டுக்கும் மேல் பழையது. சென்னைக்கு எது தேவைப்பட்டதோ அதைக் கொடுக்கும் கரையாகவே இந்த மணல் மேடு வளர்க்கப்பட்டது. முதலில் உப்பு, பிறகு விறகு, இன்று குடிநீர்.

உப்பிலிருந்து தொடங்கலாம். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கிழக்கிந்தியக் கும்பினியின் தனியுரிமை ஆனது. கோவளம், கேளம்பாக்கம் பகுதி உப்பளங்கள் அந்த நிர்வாகத்துக்குள் வந்தன. விளைந்த உப்பை நகரத்துக்குக் கொண்டுசெல்ல இந்த மணலில் வண்டித் தடம் எளிதல்ல, நீர்வழிதான் வழி. 1806இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை பேசில் காக்ரேன் வெட்டிய சிறு கால்வாய், பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் வடக்கிலும் தெற்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. தெற்கே கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம் வழியாக மரக்காணம் வரை சென்றது. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. பசித்த வயிறுகள் கூலிக்கு வெட்டிய அந்தத் துண்டுதான், கழிவெளிக் கரையில் ஏற்றிய சரக்கு படகு மாறாமல் நகரத்துக்குள் நுழைய வழி செய்தது.

அப்படகுகளில் உப்போடு சேர்ந்து ஏறியது விறகு. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட பிறகு எரிபொருளுக்கான தேவை பெருகியது. நகரத்து அடுப்புகளின் தேவை வேறு. நெல் விளையாத கடற்கரை மணலில் தழைக்கும் மரம் சவுக்கு. உப்புக்காற்றைத் தாங்கும், சில ஆண்டுகளில் வெட்டுக்கு வரும், பச்சையாகவும் எரியும். செங்கல்பட்டுக் கடலோரம் முழுவதும் சவுக்குத் தோப்பு பரவியது அந்தக் காலத்தில்தான். இன்று இந்தச் சாலையில் போகிறவர்கள் இயற்கைக் காடு என்று நினைக்கும் தோப்புகள், நகரத்தின் அடுப்பெரிக்க நடப்பட்டவை.

இந்தச் சவுக்கு வரலாற்றில் நெம்மேலிக்கு ஒரு தனி மனிதர் உண்டு. ஆளவந்தார் நாயகர். கடலோர மணல் நிலத்தைப் பண்படுத்திச் சவுக்கு வளர்த்தவர். தீவிர வைணவ பக்தர். 1914இல் அவர் எழுதிய உயில், நெம்மேலி முதல் சாலவான்குப்பம் வரையிலான கடலோரத்தில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை வைணவக் கோயில்களின் விழாக்களுக்கும் அன்னதானத்துக்கும் ஒதுக்கியது. திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயில், மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் ஆகியவற்றோடு திருப்பதியும் அந்த அறத்தில் இடம்பெறும். அறக்கட்டளை இன்று இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஊர் மக்கள் அவரை மறக்கவில்லை; நெம்மேலியில் அவருக்குக் கோயில் உண்டு, ஆண்டுதோறும் குருபூசை உண்டு.

நெம்மேலியின் வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் இந்த உயிலைக் கோயில் வரலாற்றோடு ஒதுக்கிவிடக் கூடாது. கடலோரத்தின் இவ்வளவு பெரிய பரப்பு ஒரே உரிமையின் கீழ், விற்க முடியாத நிலமாக நூறாண்டு நின்றதற்கு அதுவே காரணம். இதே கரையில் வடக்கே நீலாங்கரையும் ஈஞ்சம்பாக்கமும் மனை மனையாகப் பிரிந்து பங்களாக்களாக நிறைந்துவிட்டன. நெம்மேலிக்குத் தெற்கே கடல் இன்னமும் சாலையிலிருந்து தோப்புகளுக்கு ஊடே தெரிகிறது. ஆக்கிரமிப்புகள் நடந்தன, மீட்பு நடவடிக்கைகளும் நடந்தன. ஆனாலும் பெரும்பகுதி தப்பியது. அதே காரணத்தாலேயே, பெரிய அரசுத் திட்டம் ஒன்றுக்குக் கடலோரத்தில் மொத்தமாக நிலம் தேவைப்பட்டபோது அதிகாரிகளின் பார்வை முதலில் விழுந்ததும் இங்கேதான். ஓர் ஊர்க்காரர் இறைவனுக்கென்று எழுதிவைத்த மணல், நகரத்தின் நிலக்கையிருப்பு ஆனது.

விறகுக்காலம் மெல்ல முடிந்தது. மண்ணெண்ணெயும் எரிவாயுவும் வந்தன, ரயில் நிலக்கரிக்கும் பின்னர் மின்சாரத்துக்கும் மாறியது. 1965, 1966 புயல்கள் கால்வாயைச் சிதைத்தபின் படகுப் போக்குவரத்து நசிந்தது. மீண்டும் ஒரு வழி பிறக்கும்வரை நெம்மேலி சந்தடியற்ற ஊர். ஆனால் அந்த அமைதிக் காலத்தில்தான், நகரம் கேட்காமலே இந்தக் கரையில் ஒன்று முளைத்தது. பக்கத்து ஊரான வடநெம்மேலியில் 1976இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முதலைப் பண்ணையைத் தொடங்கினார். பாம்புத்தோல் வணிகம் தடைபட்டு வருவாய் இழந்திருந்த இருளர் பழங்குடியினருக்காக 1978இல் அங்கே பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சைக் கறந்து, மீண்டும் காட்டில் விடுவது அதன் தொழில். நாட்டின் நச்சுமுறி மருந்து தயாரிப்புக்கான நஞ்சில் பெரும்பங்கு இங்கிருந்தே போனது. இம்மாவட்டத்தின் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. உள்ளூர் மக்களின் கைத்திறமையை முதலாகக் கொண்டு எழுந்த நிறுவனம் இந்தக் கரையில் அது ஒன்றுதான். வளர்ச்சி பற்றிய பேச்சுகளில் அது சுற்றுலா இடமாக மட்டும் குறிக்கப்படுவது வருத்தம் தருகிறது.

அடுத்த திருப்பம் சாலை. ஊர்களுக்கு இடையே துண்டு துண்டாகக் கிடந்த பாதைகள் 1990களில் இணைக்கப்பட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஆனது. தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் அதை மேம்படுத்தி, 2002இல் சுங்கச் சாலையாக நடத்தத் தொடங்கியது. ஈசிஆர் என்ற மூன்றெழுத்து நில விலையை மாற்றியது. உப்புக்கும் சவுக்குக்கும் மட்டும் மதிப்பிருந்த மணல், சென்ட் கணக்கில் விலை பேசப்பட்டது. 'ஊராட்சி அப்ரூவல்' என்ற பெயரில் மனைகள் விற்பனையாயின. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்த பிறகுதான், வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கியவர்கள் பலருக்குத் தாங்கள் வாங்கியது முறையான மனை இல்லை என்று தெரிந்தது. 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது.

சாலைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு இதே காலம் வேறு விதமாகக் கழிந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்தக் கடலோரக் குப்பங்கள் படகையும் வலையையும் இழந்தன. நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்தன. இயந்திரம் பூட்டிய படகு கரையேற அகலமான மணல் வேண்டும். வலையை உலர்த்தவும் பழுது பார்க்கவும், மீனை ஏலம் விடவும், கருவாடு காயவைக்கவும் அதே மணல்தான் வேண்டும். மீனவருக்குக் கரை என்பது காட்சிப் பொருளன்று, தொழிற்கூடம். அந்தக் கரைதான் அடுத்த இருபதாண்டுகளில் குறைந்துகொண்டே போனது.

இப்போது குடிநீருக்கு வருவோம். நெம்மேலியின் முதல் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2013 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய ஆலைக்கு அடுத்தபடியாகச் சென்னையின் இரண்டாவது ஆலை இது. கடலுக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளும் குழாய் நீரை உறிஞ்சும். மணலும் பாசியும் வடிகட்டப்பட்ட நீர், உயர் அழுத்தத்தில் மென்சவ்வுகளின் வழியே தள்ளப்படும். நன்னீர் ஒருபுறம் பிரியும். உப்பு செறிந்த கழிவுநீர் மறுபடி கடலுக்கே போகும். எடுக்கும் நீரில் பாதிக்கும் குறைவே குடிநீராகிறது. 2019இல் சென்னை வறண்டு, தண்ணீர் லாரிக்காகத் தெருத்தெருவாக மக்கள் குடத்தோடு நின்றபோது, இரண்டாவது ஆலைக்கு ஜூன் மாதம் அடிக்கல் நடப்பட்டது. நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் அந்த ஆலை 2024 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது, செலவு 1,516.82 கோடி ரூபாய். வேளச்சேரி, மடிப்பாக்கம், பல்லாவரம், சோழிங்கநல்லூர், மேடவாக்கம் முதலிய பகுதிகளில் 9 லட்சம் பேருக்கு அது பயன்படுகிறது. அதற்குள் பக்கத்திலேயே பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நடப்பட்டுவிட்டது, மதிப்பீடு 4,276.44 கோடி, ஜப்பானியக் கடனுதவியுடன். நிலம், ஆளவந்தார் அறக்கட்டளையுடையது.

மழை பொய்த்தாலும் நகரம் தவிக்கக் கூடாது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. கேள்வி, அதன் சுமையை யார் ஏற்கிறார்கள் என்பதுதான். நெம்மேலி ஆலையை ஒட்டிய சூலேரிக்காட்டுக்குப்பத்து மக்கள், கட்டுமானம் தொடங்கிய நாளிலிருந்தே கடலரிப்பு கூடிவிட்டதாகப் புகார் சொல்லி வருகிறார்கள், போராடியும் இருக்கிறார்கள். நெம்மேலிக்குப்பத்திலும் அலை வீடுகளை நெருங்கியது. இந்தக் கடற்கரையின் இயல்பை மீனவர்கள் நன்கறிவர். ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தெண்டி வெள்ளம் மணலைச் சுமந்து செல்லும். வாடைக் காலத்தில் வண்ணி வெள்ளம் எதிர்த்திசையில் ஓடும். குறுக்கே கல்லைக் கொட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கியபின் தெற்கே மெரினா விரிந்ததும் வடக்கே இராயபுரம் கடலுக்கு இரையானதும் இதனால்தான். அந்தப் பாடம் கையில் இருக்கும்போதே, ஒரு குப்பத்தைக் காக்கக் கல் கொட்டினால் அடுத்த குப்பத்துக்கு என்ன ஆகும் என்ற கணக்கைப் போடாமல் இந்தக் கரையில் இன்னும் கல் கொட்டப்படுகிறது. அரிப்புக்கு எந்தக் கட்டுமானம் எவ்வளவு காரணம் என்பதை ஆலைக்குத் தொடர்பில்லாதவர்கள் தொடர்ந்து அளந்து, தமிழில் வெளியிட்டிருக்க வேண்டும்.

கடல் பக்கம் இப்படி என்றால், கழிவெளிப் பக்கமும் சும்மா விடப்படவில்லை. 2025 மார்ச் மாதத் தமிழக நிதிநிலை அறிக்கை, திருப்போரூர் வட்டத்தில் கோவளம் அருகே சென்னைக்கு ஆறாவது நீர்த்தேக்கத்தை அறிவித்தது. 350 கோடி ரூபாய் செலவில் 1.6 டிஎம்சி கொள்ளளவு. மழைக்காலத்தில் கடலுக்குப் போகும் நீரைத் தேக்குவது நோக்கம். உவரும் நன்னீரும் கலக்கும் இந்தக் கழிவெளிதான் இறால், நண்டு, மடவைக் குஞ்சுகளின் நாற்றங்கால். உள்நாட்டு மீனவர்களும் இருளர்களும் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்துப் பறியில் சேர்த்துப் பிழைப்பது இதில்தான். நன்னீர் ஏரியானால் அந்தப் பிழைப்பு என்னவாகும் என்று கேட்டு அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்துள்ளனர்.

வளரும் சிற்றூரில் வாழ்வது எப்படி என்பதற்கு நெம்மேலி தரும் விடை ஒன்றல்ல. திருப்போரூர் வட்டாரத்து முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் பக்கத்திலேயே கல்லூரி வந்தது பெரும் பேறு. அந்தப் பிள்ளைகளில் பலர் விடுதிச் செலவுக்கு வழியில்லாதவர்கள். சாலையோரம் உணவகம் நடத்துகிறவருக்கு வார இறுதிக் கூட்டம் வருமானம். மீன் விற்கும் பெண்ணுக்கு அதே சாலையைக் கடப்பது உயிர்ப்பயம். ஊராட்சியின் வேலை மட்டும் ஒரே வகையில் கூடிக்கொண்டே போகிறது. குப்பை, வடிகால், தெருவிளக்கு, மனைப்பிரிவுகளுக்குக் குடிநீர் இணைப்பு என நகராட்சியின் சுமை அத்தனையும் அதன் தலையில். ஆனால் நிலப்பயன்பாட்டைத் தீர்மானிக்கும் அதிகாரம் அதனிடம் இல்லை. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தபின், திட்டமிடும் மேசை ஊரைவிட்டு இன்னும் தூரம் போயிருக்கிறது.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒரு நாள் மார்ச் 22, உலக நீர் நாள். மூன்று ஆலைகளும் முழுத்திறனில் ஓடும்போது இந்தச் சிறு கரையிலிருந்து நாளொன்றுக்கு 65 கோடி லிட்டர் சென்னைக்குப் போகும். மார்ச் 22 அன்று சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறியாளர்கள் நெம்மேலி கிராம சபைக்கு நேரில் வந்து, எவ்வளவு நீர் எடுத்தோம், எவ்வளவு உப்புக்கழிவு விட்டோம், கரை எவ்வளவு நகர்ந்தது என்ற மூன்று கணக்கையும் மக்கள் முன் வாசிக்க வேண்டும். புதுச் சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. தீர்மானம் போட்டு அழைக்கும் உரிமை ஊராட்சிக்கு இப்போதே இருக்கிறது. வரும் மார்ச்சிலேயே அதைச் செய்யலாம்.