டிக் அடிக்கும் கட்டம் பிறந்த கதை

1999 ஜூன் 9. அமெரிக்காவின் மினசோட்டா மாநில அட்டர்னி ஜெனரல் மைக் ஹாட்ச், யு.எஸ். பேங்க் மீது வழக்குத் தொடுத்தார். வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண், கணக்கு எண், இருப்புத் தொகை எல்லாவற்றையும் மெம்பர்வொர்க்ஸ் என்ற டெலிமார்க்கெட்டிங் நிறுவனத்துக்கு வங்கி கொடுத்துவிட்டது என்பது புகார். கைமாறிய விலை 40 லட்சம் டாலர். அதற்கு மேல் 22 சதவீதக் கமிஷன். தவறை ஒப்புக்கொள்ளாமலே சில வாரங்களில் வங்கி சமரசத்துக்கு வந்தது. ஆனால் நெருப்பு அதற்குள் வாஷிங்டனைத் தொட்டிருந்தது.

அங்கே ஒரு மசோதா ஓடிக்கொண்டிருந்தது. வங்கித் தொழிலையும் பங்குச்சந்தைத் தொழிலையும் 1933 முதல் பிரித்து வைத்திருந்த சட்டப் பிரிவுகளை நீக்கி, காப்பீட்டையும் சேர்த்து மூன்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவரும் மசோதா அது. வழக்குப் போட்ட மறுநாளே பிரதிநிதிகள் சபையின் கமிட்டியில் விவாதம். அப்போது டெக்சாஸ் உறுப்பினர் ஜோ பார்ட்டன் பேச எழுந்தார்.

பார்ட்டன் குடியரசுக் கட்சிக்காரர், பழமைவாதி. அவருடைய வாஷிங்டன் வீட்டு முகவரிக்குப் பெண்களின் உள்ளாடை விற்கும் விக்டோரியாஸ் சீக்ரெட் நிறுவனத்தின் கேட்லாக் வந்திருந்தது. மனைவி பார்த்தால் என்ன நினைப்பாரோ என்ற கவலை ஒரு பக்கம். முகவரி எப்படிப் போனது என்ற கேள்வி இன்னொரு பக்கம். அவருடைய சந்தேகம் தாம் கணக்கு வைத்திருந்த கடன் சங்கத்தின் மேல் விழுந்தது. எதிர்க்கட்சியின் எட் மார்க்கியோடு அவர் கைகோத்தார். வாடிக்கையாளரின் தனியுரிமையைக் காக்கும் கடுமையான திருத்தம் கமிட்டியில் நிறைவேறியது. ஆனால் சபைக்கு வந்தபோது கதை திரும்பியது.

ஜூலை 1 அன்று 427-க்கு 1 என்ற வாக்கில் மென்மையான திருத்தம் ஒன்று நிறைவேறியது. வெளி நிறுவனங்களுக்குத் தராதே என்று வாடிக்கையாளர் தடுக்கலாம். வங்கியின் சொந்தக் குழும நிறுவனங்களுக்குப் போவதைத் தடுக்க அதில் வழியில்லை. நவம்பர் 12 அன்று அதிபர் கிளின்டன் மசோதாவில் கையெழுத்திட்டார். கிராம்-லீச்-பிளைலி சட்டம் பிறந்தது. விற்பனைக்காகக் கணக்கு எண்ணை வெளியாருக்குக் கொடுப்பதற்கும் தடை வந்தது. உரிமை கிடைத்தாயிற்று, அதை மக்களுக்குச் சொல்வதில்தான் கோளாறு காத்திருந்தது.

இந்த உரிமையை விளக்கும் நோட்டீஸை 2001 ஜூலை 1-க்குள் வங்கிகள் அனுப்பியாக வேண்டும் என்பது விதி. கோடிக்கணக்கான உறைகள் வீடுகளுக்குப் போயின. உள்ளே வக்கீல் மொழியில் பொடி எழுத்து. வாசிப்பு நிபுணர் மார்க் ஹோக்ஹவுசர் 60 நோட்டீஸ்களை ஆராய்ந்து, கல்லூரியின் கடைசி ஆண்டுகளில் படிப்பவருக்கான நடை என்றார். பெரும்பாலோர் பதில் அனுப்பவே இல்லை. அந்த மௌனத்தை வங்கிகள் சம்மதமாக எடுத்துக்கொண்டன. மக்கள்தொகையில் சின்னதான ஒரு மாநிலம் அதை ஏற்கவில்லை.

நார்த் டகோட்டாவில் வாடிக்கையாளர் சம்மதம் கேட்காமல் விவரத்தைத் தரக்கூடாது என்ற பழைய சட்டம் இருந்தது. 2001-இல் சட்டமன்றம் அதைத் தளர்த்தியது. மக்கள் கையெழுத்து திரட்டி, 2002 ஜூனில் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பழைய சட்டமே வேண்டும் என்றார்கள். நாட்டின் மற்ற பகுதிகளுக்கு விடிவு எப்போது?

2006-இல், புரியும்படி ஒரு மாதிரிப் படிவம் தயாரிக்க நாடாளுமன்றம் உத்தரவிட்டது. சாதாரண மக்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, தடுக்கி நின்ற இடங்களைத் திருத்தினார்கள். 2009-இல் எட்டு அரசு அமைப்புகள் சேர்ந்து அதை வெளியிட்டன. அமெரிக்க வங்கிகள் பல இன்று தரும் தனியுரிமைத் தாள் அதுதான். ‘பகிர்கிறோமா?’, ‘நீங்கள் தடுக்க முடியுமா?’ என்ற கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லும் அட்டவணை. தபாலில் அனுப்ப, டிக் அடிக்கும் கட்டம்.

அந்தத் தாளிலும் ஒரு விதி மாறவில்லை. நோட்டீஸ் அனுப்பி 30 நாளாகியும் புதிய வாடிக்கையாளர் வாய் திறக்காவிட்டால், வங்கி பகிரத் தொடங்கலாம். தடுக்கும் பொறுப்பு வாடிக்கையாளர் தலையில் இருக்கும்வரை அந்த உரிமை அரைகுறைதான். முதலில் கேள், பிறகு கொடு என்று நார்த் டகோட்டா மக்கள் போட்ட ஓட்டே நியாயமானது.