உணவுக்குழாய்ப் பிறவிக்குறையும் எதுக்களிப்பும்: விலங்கு ஆய்வுகளின் வரலாறு

பிறந்த குழந்தையின் வாயில் நுரை தள்ளும். புகட்டிய பால் புரையேறும். வாய்வழி செலுத்திய குழாய் ஏறக்குறைய 10 செ.மீ. ஆழத்தில் முட்டி நிற்கும். உணவுக்குழாய் இடையில் விட்டுப்போய், பெரும்பாலும் அதன் கீழ்த்துண்டு மூச்சுக்குழாயோடு ஒட்டிக்கொள்ளும் இக்குறை ஏறத்தாழ 3,500 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. தாமஸ் கிப்சன் 1697-இலேயே இதைத் தெளிவாக விவரித்தார். கேமரன் ஹெய்ட் மிச்சிகனில் இரு முனைகளையும் ஒரே அறுவையில் இணைத்து வெற்றி கண்டது 1941-இல்தான். குழந்தைகள் பிழைக்கத் தொடங்கிய பிறகே, அவர்களில் பலரை எதுக்களிப்பு விடாமல் தொடர்வது தெரியவந்தது. கீழ்த்துண்டை மேலே இழுத்துத் தைப்பதால் இரைப்பையின் வாய் நெகிழ்கிறது, உணவுக்குழாயின் அசைவை இயக்கும் வேகஸ் நரம்பின் கிளைகள் சேதமடைகின்றன என்று பழி அறுவையின்மேல் விழுந்தது. அதில் உண்மை உண்டு. ஆனால் கோளாறின் வேர் கருவிலேயே இருக்கிறது.

கத்தி படாத உணவுக்குழாயை நுணுகி ஆராய விலங்குக் கருவே வழிவிட்டது. புற்றுநோய் மருந்தான அட்ரியாமைசினைச் சினை எலிகளுக்குச் செலுத்தினால் குட்டிகளுக்கு இக்குறை உண்டாவது 1978-இல் வெளியானது. மாட்ரிட்டில் ஹுவான் தோவார் குழுவினர் 1996-இல் அதை முறையான ஆய்வு மாதிரியாக்கினர். அக்கருக்களில் வேகஸ் நரம்பு கிளைவிடும் விதமே மாறியிருந்ததை ஸ்பென்சர் பீஸ்லி குழுவினர் கண்டனர். உணவுக்குழாய்ச் சுவரின் நரம்புப் பின்னலும் இயல்பாக இல்லை. இவற்றில் எதையும் அறுவையின்மேல் சுமத்த முடியாது.

நரம்பைக் கெடுத்தது மருந்தின் நஞ்சாக இருக்கலாமே என்பது நியாயமான ஐயம். சானிக் ஹெட்ஜ்ஹாக் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு எந்த மருந்தும் இன்றியே இதே குறை தோன்றுவதை 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. குடற்சுவரின் அடுக்குகளை ஒழுங்குபடுத்துவதிலும் அந்த மரபணுவுக்குப் பங்குண்டு. இதைவிட வலுவான சான்று மனிதரிடமிருந்தே வந்தது: அறுவைக்கு முன்பே இக்குழந்தைகளின் உணவுக்குழாய் அசைவு சீர்கெட்டிருந்ததை 1987-இல் அழுத்த அளவீடுகள் பதிவு செய்தன. இன்னொரு மறுப்பை ஒதுக்கவே முடியாது. எலி வாந்தி எடுக்காது. அதன் உணவுக்குழாய் முழுவதும் வரித்தசை, மனிதருக்கோ கீழ்ப்பகுதி மென்தசை. ஆகவே நரம்பு எப்படி உருவாகிறது என்பதற்கு எலி சாட்சி சொல்லும்; எதுக்களிப்பின் போக்குக்குச் சொல்லாது. அதற்குக் குழந்தைகளையே ஆண்டுக்கணக்கில் கவனித்தாக வேண்டும். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடலியல் சங்கங்கள் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், அறிகுறி இல்லாதவர்கள் உட்பட அனைவருக்கும் தொடர் பரிசோதனையை வலியுறுத்துகிறது.