பாம்புக்கடி: ‘போன முறை ஒன்றும் ஆகவில்லை’ என்ற கணக்கு ஏன் தவறாகிறது?

பழவேற்காடு ஏரியிலும் அதையொட்டிய கடலிலும் மீன்பிடிப்போர், வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கும்போது பாம்புக்கடிக்கு உள்ளாவதுண்டு. ‘முன்பும் கடித்தது, ஒன்றும் ஆகவில்லை’, ‘மந்திரித்ததும் சரியாகிவிட்டது’ என்ற அனுபவங்களால் சிலர் மருத்துவமனைக்கு வரத் தாமதிக்கின்றனர். அந்த அனுபவங்கள் பொய்யல்ல. அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவே பிழையானது.

கடித்தும் நஞ்சு ஏறாதது ஏன்?

எல்லாப் பாம்புகளும் நச்சுப்பாம்புகள் அல்ல. நச்சுப்பாம்பும் ஒவ்வொரு கடியிலும் நஞ்சைச் செலுத்துவதில்லை. கடல் பாம்புக் கடிகளில் பெரும்பாலானவை நஞ்சேறாதவையே. ஆனால் நஞ்சேறிய கடி உயிரைப் பறிக்கக்கூடியது.

மந்திரித்ததால் குணமானதா?

எடுத்துக்காட்டாக, 100 பேரைப் பாம்பு கடித்ததாகவும், அவர்களுள் 80 பேருக்கு நஞ்சேறவில்லை எனவும் கொள்வோம். 100 பேரும் மந்திரித்துக்கொண்டால், அந்த 80 பேரும் நலமாக வீடு திரும்புவர். மந்திரமே அவர்களைக் காத்ததாகத் தோன்றும். மந்திரிக்காவிடினும் அதே 80 பேர் பிழைத்திருப்பர். சிகிச்சை தேவைப்பட்டவர்கள் எஞ்சிய 20 பேரே. ஒரு சிகிச்சையின் பயனை அவர்களைக் கொண்டே அளவிட வேண்டும். மேலும், பிழைத்தவர் தம் அனுபவத்தைப் பல்லாண்டு காலம் சொல்வார். இறந்தவரால் சொல்ல இயலாது. எனவே ஊரில் நாம் கேட்பவை பெரும்பாலும் பிழைத்தவர்களின் கதைகளே.

முன்பு பிழைத்தது இம்முறை காக்குமா?

காக்காது. ஒவ்வொரு கடியும் தனித்தனி நிகழ்வு. நான்கு முறை தப்பியவருக்கு ஐந்தாம் கடியின் ஆபத்து குறைவதில்லை.

‘வலி இல்லை, எனவே நஞ்சு இல்லை’ என்பதும் தவறு. கடல் பாம்பு கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. அரை மணி நேரம் முதல் சில மணி நேரம் கழித்தே அறிகுறிகள் தோன்றும். அவையாவன:

• உடல் முழுவதும் தசைவலி, தாடை இறுக்கம்
• கண் இமை சரிதல், விழுங்குவதில் சிரமம்
• சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போதல்
• மூச்சுத் திணறல்

தேவையின்றி மருத்துவமனைக்கு வந்தால் இழப்பது ஒரு நாள் தொழில். தேவையிருந்தும் வராவிடில் இழப்பது உயிர்.

மருத்துவமனையில் என்ன செய்யப்படும்?

இந்தியாவில் வழங்கப்படும் நஞ்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கானது. கடல் பாம்பு நஞ்சுக்கு அது உரியதன்று. எனினும் செயற்கைச் சுவாசம், டயாலிசிஸ் ஆகியவற்றால் நோயாளியைக் காப்பாற்ற இயலும். கடித்தது எந்தப் பாம்பு, எந்தச் சிகிச்சை தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

கடித்தவுடன் செய்ய வேண்டியவை

• படகை உடனே கரைக்குத் திருப்பவும். 108 ஆம்புலன்சை அழைக்கவும்.
• கடிபட்ட கை அல்லது காலைச் சட்டம் வைத்து அசையாமல் வைக்கவும்.
• மோதிரம், காப்பு, அரைஞாண் முதலியவற்றைக் கழற்றவும்.
• நோயாளியை நடக்க விடாமல் தூக்கிச் செல்லவும்.

செய்யக் கூடாதவை

• இறுக்கிக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல்
• பாம்பைப் பிடிக்க முயலுதல்
• மந்திரிப்பதற்காகக் காத்திருத்தல்

அறிகுறி இல்லாவிடினும் 24 மணி நேரம் மருத்துவக் கண்காணிப்பில் இருப்பது அவசியம். நஞ்சேறாத 80 பேரில் ஒருவரா, நஞ்சேறிய 20 பேரில் ஒருவரா என்பது அதன் பின்னரே தெளிவாகும்.