கணக்கில் வராத உடல்

1965ஆம் ஆண்டில் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. கலிஃபோர்னியாவிலுள்ள அதன் ஆய்வகத்தில் புரூஸ் டீல், ஆண்ட்ரூ குரோவ் என்ற இருவர் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார்கள். சூடான உலைக்குள் வைத்த சிலிக்கான்மீது ஆக்சைடு படலம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தடிமனாக வளரும் என்பதை அது சொன்னது. அதே ஆண்டு நியூ மெக்சிகோவின் ஷிப்ராக்கில், நவஹோ பழங்குடியினரின் நிலத்தில், அந்நிறுவனம் ஓர் ஆலையைத் தொடங்கியது. பின்னாளில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் நவஹோ பெண்கள். 1969இல் நிறுவனம் அச்சிட்ட சிறுநூலில், ஒரு சில்லின் சுற்றமைப்பைப் போலவே நெய்த நவஹோ கம்பளத்தின் படம் இடம்பெற்றது. உழைப்புக்குப் பிறவிக் கைத்திறன் என்று பெயர் சூட்டிவிட்டால் கூலியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

தொழில்நுட்ப வரலாறு அந்தச் சமன்பாட்டை நினைவில் வைத்திருக்கிறது. பெண்களைப் பற்றிய ஆய்வுகள் அந்த ஆலையை நினைவில் வைத்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதே என் வாதம். நான் தமிழ் இலக்கியம் கற்பிப்பவள். ஒரு பிரதி யாரைப் பேசவிடுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று பார்ப்பது எங்கள் துறையின் பழக்கம். சமன்பாடும் ஒரு பிரதிதான்.

சில்லு ஒன்றைச் செய்யப் பல நூறு படிகள் உண்டு. ஒரு படியில் உலையின் வெப்பத்தை மாற்றினால் என்ன ஆகும் என்றறிய முன்பெல்லாம் செய்தே பார்க்க வேண்டியிருந்தது. வாரக்கணக்கில் நேரம் போகும், சிலிக்கான் வில்லைகள் வீணாகும். 1970களில் இந்தச் சோதனைகளைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். சில்லின் வடிவத்தை ஒளியால் பதிக்க உதவும் ஃபோட்டோரெசிஸ்ட் என்ற பூச்சு எப்படி மாறுகிறது என்பதற்கு, 1975இல் ஐபிஎம்மின் ஃபிரடெரிக் டில் குழுவினர் கணித வடிவம் கொடுத்தார்கள். 1977இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சுப்ரெம் என்ற நிரலை வெளியிட்டது. போரானும் பாஸ்பரஸும் உலைச் சூட்டில் சிலிக்கானுக்குள் எவ்வளவு ஆழம் விரவும் என்று அது கணக்கிட்டது. 1979இல் பெர்க்லியிலிருந்து வந்த சாம்பிள் என்ற நிரல் ஒளி அச்சையும் அரிப்பையும் திரையில் காட்டியது. வீண் செலவு குறைந்தது, சில்லும் சிறுத்தது. அந்த அறிவின் பெருமையை நான் மறுக்கவில்லை.

இந்தக் கணக்குகளின் இலக்குக்கு ஆலைகளில் யீல்டு என்று பெயர். நம் மொழியில் விளைச்சல். வெப்பம், நேரம், அழுத்தம், செறிவு ஆகிய எல்லாம் மாறிகளாக உள்ளே வந்தன. வில்லையை உலைக்குள் வைத்து எடுத்தவளும், பூச்சின் ஆவி நடுவே நின்றவளும் எந்த மாறியிலும் இல்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹட்சனில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் சில்லு ஆலை இருந்தது. அங்கே மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 1988இல் அச்சேறியது. ரசாயனங்களுக்கு அருகில் வேலை செய்யாத பெண்களிடையே 100 கருவுறுதல்களில் சுமார் 18 கலைந்திருந்தன. ஒளி அச்சுப் பிரிவில் அது சுமார் 31. விரவல் உலைப் பிரிவில் சுமார் 39. சிமுலேஷன் முதலில் நுணுகிக் கற்ற பிரிவுகளும் இவையேதான்.

இத்தனை சுத்தமான இடத்தில் இது எப்படி நேர்ந்தது என்று மாணவிகள் கேட்கக்கூடும். கிளீன் ரூம் எனப்படும் அந்த அறையின் சுத்தம் வில்லைக்கானது. தலைமுதல் கால்வரை மூடும் வெள்ளை உடை, பெண்ணின் தோலிலிருந்தும் முடியிலிருந்தும் விழும் துகளிடமிருந்து சில்லைக் காக்கிறது. காற்று வடிகட்டிகள் தூசியைப் பிடிக்கின்றன. ரசாயன ஆவியை அவை பிடிப்பதில்லை. காற்றோ அந்த அறைக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சுழல்கிறது.

ஃபோட்டோரெசிஸ்ட்டைக் கரைக்கப் பயன்பட்ட எத்திலீன் கிளைக்கால் ஈதர்கள் கருவைப் பாதிக்கும் என்று 1980களின் தொடக்கத்திலேயே விலங்குச் சோதனைகள் காட்டியிருந்தன. ஹட்சன் முடிவுகள் கசிந்ததும், 1987 ஜனவரியில் ஏடி அண்ட் டி நிறுவனம் கர்ப்பிணிகளைச் சில்லு உற்பத்தியிலிருந்து விலக்கியது. ரசாயனம் அங்கேயே இருந்தது. ஹட்சனில் ஆராயப்பட்டவர்கள் குறைவு என்பதால் பெரிய ஆய்வுகள் தேவைப்பட்டன. ஐபிஎம்முக்காக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும், தொழில் சங்கத்துக்காக டேவிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் நடத்திய ஆய்வுகள் 1992இல் அந்த ஈதர்களையே சுட்டின. அதன் பிறகுதான் அமெரிக்க நிறுவனங்கள் அவற்றைக் கைவிட்டன.

இதற்குள் சில்லு உற்பத்தி பெருமளவு ஆசியாவுக்கு நகர்ந்திருந்தது. தென் கொரியாவின் கிஹுங்கிலுள்ள சாம்சங் ஆலையில் 2003இல் வேலைக்குச் சேர்ந்த ஹ்வாங் யூ-மி, வில்லைகளை ரசாயனத்தில் தோய்த்து எடுக்கும் வேலை பார்த்தார். 2007 மார்ச்சில் ரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 22. டாக்சி ஓட்டுநரான அவருடைய தந்தை ஆண்டுக்கணக்கில் போராடினார். 2014இல் சியோல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தொழில்சார் நோயென்று ஏற்றது. 2018 நவம்பரில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. சிமுலேஷன் இல்லாமல் புதிய தலைமுறைச் சில்லு எதுவும் பிறக்காத காலம் அது. ஓர் அணு எவ்வளவு தூரம் விரவும் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரிந்த தொழிலில், ஒரு பெண்ணின் ரத்தத்துக்கு என்ன ஆகும் என்பது அவள் இறந்த பிறகு நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியதாக இருந்தது.

கரைப்பான் ஆவியாகும் வேகமும் அறைக்குள் காற்று ஓடும் வழியும் கணக்கிட முடியாதவை அல்ல. யாருக்காகக் கணக்கிடுவது என்பதில்தான் அரசியல் இருக்கிறது. குஜராத்தின் தோலேராவில் 2024 மார்ச்சில் சில்லு ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அத்தகைய ஆலைகளின் உலைகள் மூட்டப்படும் முன்பே கணினிக்குள் பலமுறை எரிந்திருக்கும். அந்தக் கணக்கை எழுதும் மேசைகளில் நம் மாணவிகளும் உட்காரப்போகிறார்கள். மாறிகளின் பட்டியல் கைக்கு வரும்போது, அந்த உலையருகே நிற்பவளின் மூச்சுக்கு அதில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் எழுதிச் சேருங்கள்.