கொழுப்பு எங்கே போச்சு?

பேக்கிங் சாமான் கடையில் போய் நின்றால் தலை சுற்றும். கொக்கோ பவுடரிலேயே இரண்டு வகை: ஒன்று வெளிர் பழுப்பு, இன்னொன்று கிட்டத்தட்ட கறுப்பு. பக்கத்தில் டார்க், மில்க், ஒயிட். அதற்கும் பக்கத்தில், விலை குறைவாக 'காம்பவுண்ட்' என்று ஒரு கட்டி. எதை எடுப்பது? யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு உதவியது வரலாறுதான். கொக்கோ விதையில் இருக்கும் கொழுப்பை என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்குத்தான் இந்த அலமாரி முழுக்கப் பதில்கள் அடுக்கியிருக்கிறார்கள்.

தோல் நீக்கிய கொக்கோ விதையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவில் சாக்லேட் என்றால் பெரும்பாலும் பானம்தான். அரைத்த விழுதை வெந்நீரிலோ பாலிலோ கலக்குவார்கள். மேலே எண்ணெய் மிதக்கும், நம்ம ஊர் கறிக்குழம்பு மாதிரி. குழம்புக்கு அது அழகு. காலையில் குடிக்கிற பானத்துக்கு? அதனால் மாவைச் சேர்த்துச் சமாளித்தார்கள்.

1828இல் ஆம்ஸ்டர்டாமின் வான் ஹௌட்டன் குடும்பம் கொக்கோவை அழுத்திக் கொழுப்பைப் பிழியும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது. நம் செக்கு செய்கிற வேலைதான். பிழிந்த பிறகு மிஞ்சுவது புண்ணாக்கு. அதைப் பொடித்தால் கொக்கோ பவுடர். அது தண்ணீரில் நன்றாகக் கலக்கட்டும் என்று மகன் கூன்ராட் காரம் சேர்த்தார். மிளகாய்க் காரம் இல்லை, வேதியியல் காரம். புளிப்பு போனது, நிறம் கறுத்தது. 'டச்சு கொக்கோ' என்பது இதுதான்.

சமையலறையில் இதுதான் காலை வாருகிறது. வெளிர் பவுடரில் அமிலம் இருக்கிறது. அது பேக்கிங் சோடாவோடு சேர்ந்து கேக்கை எழுப்பும். டச்சு கொக்கோவில் அந்த அமிலம் ஏற்கனவே செத்துப்போச்சு. மோரோ எலுமிச்சையோ இல்லாமல் சோடாவை மட்டும் நம்பிய பழைய அமெரிக்க ரெசிபியில் அதைப் போட்டால் கேக் அமுங்கிக்கிடக்கும், சோப்பு வாடையும் வரும். அதற்கு பேக்கிங் பவுடர்தான் சரி. பாக்கெட்டின் பின்னால் 'அமிலச் சீராக்கி 501' என்று இருந்தால் அது பெரும்பாலும் டச்சு முறைதான்.

இந்தப் பவுடரில் இன்னொன்றும் கரைந்திருக்கிறது. 1866இல் கேட்பரி டச்சு எந்திரத்தை வாங்கி, மாவு கலக்காத 'சுத்தமான' கொக்கோ என்று விளம்பரம் செய்தது. அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் குடும்பம் அது. ஆனால் அவர்களுடைய கொக்கோவில் பெரும்பங்கு போர்த்துகீசிய ஆட்சியிலிருந்த சாவோ தோமே தீவிலிருந்து வந்தது. அங்கே அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அடிமைகளாகவே வேலை செய்தார்கள். 1901லேயே தகவல் வந்துவிட்டது. கொள்முதலை நிறுத்தியது 1909இல். இதை எழுதிய ஒரு பத்திரிகை மீது அவதூறு வழக்குப் போட்டு ஜெயிக்கவும் செய்தார்கள். ஜூரி கொடுத்த இழப்பீடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. இதைவிடச் சுருக்கமான தீர்ப்பு எனக்குத் தெரியவில்லை.

சரி, பிழிந்த கொழுப்பு எங்கே போச்சு? 1847இல் பிரிஸ்டலின் ஃப்ரை நிறுவனம் அதைத் திரும்பக் கொக்கோவோடும் சர்க்கரையோடும் சேர்த்து, கடித்துச் சாப்பிடும் கட்டியாக வார்த்தது. அது நறநறவென்று இருக்கும். 1879இல் ஸ்விட்சர்லாந்தின் லிண்ட் மணிக்கணக்கில் தேய்த்துப் பட்டாக்கினார். பாலும் பிறகு வெள்ளையும் அதே வழியில் வந்தவை. வெள்ளை சாக்லேட்டில் கொக்கோவின் கொழுப்பு மட்டும்தான். அட்டையில் போட்டிருக்கும் 70% கூட முழுக்கக் கசப்பின் கணக்கு இல்லை, கொழுப்பும் அதற்குள் அடக்கம். அதனால்தான் ஒரே 70% போட்ட இரண்டு கட்டிகள் உருகும்போது வேறு வேறு மாதிரி ஓடுகின்றன.

இந்தக் கொழுப்பு சுமார் 34 டிகிரியில் உருகும். நாக்கில் கரைவது அதனால்தான். சென்னை மேசையில் கரைவதும் அதனால்தான். பக்குவமாக ஆறவிடாவிட்டால் வெள்ளை பூக்கும். இந்த வம்பே வேண்டாம் என்பவர்களுக்குத்தான் காம்பவுண்ட்: கொக்கோ பவுடர், சர்க்கரை, வேறு ஏதோ தாவரக் கொழுப்பு. வான் ஹௌட்டன் பிரித்தது பிரித்தபடியே இருக்கிறது. கொக்கோ வெண்ணெய்க்கு அழகுசாதனக் கம்பெனிகளும் காசு கொடுக்கின்றன.

மே மாதம், ஏசி இல்லாத வீட்டில், கேக் மேல் வைக்கப் பூ செய்ய வேண்டுமென்றால் நானும் காம்பவுண்ட்தான் வாங்குகிறேன். கனாஷுக்கு மட்டும் மாட்டேன். அதில் க்ரீமைத் தவிர வேறு ஒளிய இடமில்லை. வாயில் மெழுகாக ஒட்டுவது முதல் ஸ்பூனிலேயே தெரிந்துவிடும்.