காலில் ஆறாத புண்: தமனி பிரச்னையா, சிரை பிரச்னையா? கட்டு போடும் முன் செவிலியர்கள் பார்ப்பது என்ன?

"காலுக்கு ரத்த ஓட்டம் சரியில்லையாம்." ஆறாத புண்ணோடு மருத்துவமனைக்குப் போய் வருபவர்கள் வீட்டில் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால், ரத்தம் காலுக்கு வந்து சேராதது வேறு. வந்த ரத்தம் மேலே திரும்பாமல் தேங்குவது வேறு. முதலாவது தமனிக் கோளாறு, இரண்டாவது சிரைக் கோளாறு.

குழப்பிக்கொண்டால் என்ன ஆகும்? சிரைப் புண்ணுக்கு இறுக்கமான அழுத்தக் கட்டுதான் முக்கிய சிகிச்சை. அதையே தமனி அடைத்த காலுக்குப் போட்டால், வந்துகொண்டிருக்கும் கொஞ்சநஞ்ச ரத்தமும் நின்றுபோய் காலையே இழக்க நேரிடலாம்.

அதனால் முதல் கேள்வியே, "எப்ப வலிக்குது, என்ன பண்ணினா குறையுது?" என்பதுதான். "கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் பிடிச்சுக்குது, நின்னா சரியாயிடுது" என்றால் சந்தேகம் தமனி மீது. முற்றிய நிலையில் படுத்திருக்கும்போதே வலிக்கும், காலைக் கட்டிலிலிருந்து தொங்கப்போட்டால்தான் தூக்கம் வரும். சிரைக் கோளாறில் நேர் எதிர். நின்றே வேலை பார்ப்பவருக்கு சாயங்காலம் கால் கனத்து வீங்கும், தலையணை மேல் தூக்கி வைத்தால் நிம்மதி.

புண் இருக்கும் இடமும் பேசும். விரல் நுனி, குதிகாலில் ஆழமாக, வெளிறி, விளிம்பு வெட்டினாற்போல் இருந்தால் தமனி. உள் கணுக்காலுக்கு மேலே ஆழமில்லாமல், நீர் கசிந்து, சுற்றிலும் தோல் பழுப்பேறியிருந்தால் சிரை.

பாதத்தின் மேற்புறத்திலும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். வீங்கிய காலில் துடிப்பு விரலுக்கு எட்டாது. அப்போது டாப்ளர் கருவி தேவை. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் தமனி அடைப்பு. 0.5-க்கும் கீழே போனால் அழுத்தக் கட்டு கூடாது, ரத்தநாள மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளிடம்தான் சிக்கல். தமனிச் சுவர் கால்சியம் படிந்து இறுகிவிடுவதால், அடைப்பு இருந்தாலும் எண் 1.4-ஐத் தாண்டிக் காட்டலாம். நரம்பு மரத்துப்போனதால் வலியும் தெரியாது. "வலியே இல்ல சிஸ்டர்" என்பதை இவர்களிடம் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. கட்டை விரலில் அழுத்தம் அளந்து பார்ப்பதே நல்லது. இரண்டு கோளாறும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

பீடி, சிகரெட் பிடிக்கும் இளைஞருக்கு விரல் கறுத்தால் பர்ஜர் நோயையும் நினைக்க வேண்டும். அதில் புகையை அடியோடு விட்டால்தான் விரல் தப்பும்.

கால் திடீரென்று வலித்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் அது அவசர நிலை. சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வெந்நீர் ஒத்தடமோ, தைலம் தேய்ப்பதோ வேண்டாம். உணர்ச்சியற்ற தோல் வெந்துபோவதும் தெரியாது, நேரமும் போய்விடும்.