உப்பு செய்த வைத்தியம்

ஸ்விட்ஸர்லாந்தின் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில், நூறாண்டுகளுக்கு முன்வரை, கழுத்தில் கழலை தொங்காத மாதரைக் காண்பதே அரிதாயிருந்த கிராமங்கள் உண்டு. அத்தாய்மாருக்குப் பிறந்த மக்களில் சிலர் செவிப்புலனும் பேச்சும் இன்றி, குறுகிய உருவமும் மந்த புத்தியும் உடையவராய் வளர்ந்தனர். கிரெட்டின்கள் எனப்பட்ட அவர்களுடைய நிலைக்குத் தேங்கிய காற்றே காரணம் என்றும், பனியுருகிய நீரே என்றும், பரம்பரைத் தோஷமே என்றும் பண்டிதர்கள் வாதித்தனர். காற்றை நம்பிய கூகன்பூல் என்னும் வைத்தியர் 1841-இல் இன்டர்லாக்கனுக்கு அருகே ஆபென்ட்பெர்க் மலைமேல் ஒரு சிகிச்சாலயம் நிறுவினார். அதன் கீர்த்தி ஐரோப்பா எங்கும் பரவியதேயன்றிக் குழந்தைகள் குணமடைந்தாரில்லை.

காரணம் மண்ணில் இருந்தது. பனியுகத்துப் பனிப்பாறைகள் மேல்மண்ணை வழித்துச் சென்றமையால் அங்கே அயோடின் அருகிப்போயிற்று. புல்லிலும், அதை மேய்ந்த பசுவின் பாலிலும், அப்பாலை அருந்திய கர்ப்பிணியின் உடலிலும் அக்குறை தொடர்ந்தது. கருவின் தைராய்டு சுரப்பி தன் தொழிலைத் தொடங்குமுன், முதல் மாதங்களில், சிசுவின் மூளை, அயோடினால் உண்டாகும் தாயின் தைராய்டுச் சுரப்பையே நம்பி வளர்கிறதாதலால், அவள் கழுத்தில் வீக்கமாய்த் தெரிந்த குறை சிசுவின் அறிவில் ஆயுட்காலக் குறையாய்த் தங்கியது.

1820-இல் ஜெனீவாவின் வைத்தியர் குவாந்தே கழலைக்கு அயோடின் கொடுத்துப் பார்த்தார். பலரும் அதனை அளவின்றி உட்கொண்டு அவதியுற்றமையால், மருந்தின் மீதே அச்சம் பிறந்தது. 1895-இல் பௌமன் என்னும் ஜெர்மானிய ரசாயன அறிஞர் தைராய்டிலேயே அயோடின் இருப்பதைக் கண்டறிந்தார். ஆயினும் மருந்தின் மீதிருந்த அச்சத்தை நீக்கியவர் வாலே மாகாணத்து வைத்தியரான பேயார்ட். 1918-இல் கிரேஹன் கிராமத்துக்குக் கோவேறு கழுதையின்மீது உப்பு ஏற்றிச் சென்று, அணுவளவே அயோடின் கலந்து சில குடும்பங்களுக்கு அளித்துக் கழலை சுருங்குவதைக் காட்டினார். 1922-இல் எக்கன்பெர்கர் என்னும் வைத்தியரின் முயற்சியால் அப்பென்ஸெல் பிரதேசத்தில் அயோடின் உப்பு விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டே தேசியக் கழலைக் குழுவும் அதனை ஆதரித்தது. உப்பு பரவப் பரவ, புதிய கிரெட்டின் பிறப்புகள் அருகி மறைந்தன.

இக்காலத்தில், தாயின் தைராய்டுக் குறையே காரணமோ என்னும் வினா ஆட்டிசத்தைக் குறித்தும் எழுந்துள்ளது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தைராய்டின் சுரப்பாகிய தைராக்ஸின் மிகக் குறைந்த தாய்மாரின் குழந்தைகளிடம் ஆட்டிச லக்ஷணங்கள் கூடுதலாய்க் காணப்பட்டதென 2013-இல் ராட்டர்டாம் ஆராய்ச்சி கூறிற்று. அது தொடர்பேயன்றிக் காரணத்தின் நிரூபணமன்று. ஆட்டிசத்திற்குப் பாரம்பரியம் முதலிய ஹேதுக்கள் பலவாதலின், கிரெட்டினிஸத்திற்கு உப்பு பரிகாரமானதுபோல் இதற்கும் ஒன்று இருக்குமென எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆல்ப்ஸில் பிழை தாயினுடையதாய் இருக்கவில்லை. அவள் உணவு விளைந்த மண்ணினுடையதாய் இருந்தது. ஆகையால் கர்ப்பிணியின் தைராய்டையும் ஆகாரத்தையும் பேணுவது சமூகத்தின் கடமையாகுமேயன்றி, அவளைக் குற்றஞ்சாட்டுவதற்குரிய ஆதாரமாகாது.